மோர் இல்லாமல் மோர்க்குழம்பா?

காரக்குழம்பு:
நேத்து இதே குழுவில் மண்சட்டி போட்ட பதிவைப் படிச்சதிலிருந்து எனக்கு வயிறு எரியுது. பார்க்காதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். அவங்க வீட்டுக்கு ஆறு பேர் விருந்துக்கு வந்தாங்களாம், அதுல ரெண்டு பேர் வீகனாம். "நம்ம சைவச் சமையலே முக்கால்வாசி வீகன்தான், நெய்யையும் தயிரையும் தூக்கிட்டா முடிஞ்சுது, இதுக்குப் போய் ஏன் பயப்படறீங்க"ன்னு ஒரு உபதேசம். கூடவே வாழையிலைப் படம். அதுல நட்டநடுவுல "தேங்காய்ப்பால் மோர்க்குழம்பு". ரெண்டாம் பால்ல வெள்ளைப் பூசணியை வேகவெச்சு, அரைச்சதைக் கரைச்சு விட்டு, இறக்கினதும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சாங்களாம்.

வீகன் விருந்து போடறதை நான் குறை சொல்லல. பருப்புக்கு நெய் வேண்டாம்னா நல்லெண்ணெய் விடுங்க. பாயசத்துக்கு வெல்லமும் தேங்காய்ப்பாலும் விடுங்க, முந்திரிக்குப் பதிலா தேங்காய்ப் பல்லைத் தேங்காயெண்ணெயிலயே சிவக்க வறுத்துப் போடுங்க, யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா மோர்க்குழம்புன்னா அதுல மோர் இருக்கணும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: மோர் எங்கே?

மண்சட்டி:
வந்துட்டீங்களா அக்கா? போன பொங்கலுக்கு வெண்பொங்கல்ல மிளகைத் தட்டிப் போடணுமா முழுசா போடணுமான்னு நாலு நாள் ஆடினீங்க. இந்தப் பொங்கல் வரைக்கும் தாங்காதுன்னு எனக்குத் தெரியும்.

கொல்லிமலையில முடவாட்டுக்கால் சூப்பு விக்கிறாங்களே, அதுல ஆட்டை எங்கே தேடுவீங்க? தேங்காய்ப்பாலுக்கு எந்தத் தேங்காயைக் கறந்தாங்க? இலையில உக்கார்ந்தவங்க பேரையா சாப்பிடறாங்க? வந்த ஆறு பேரும் குழம்பை ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்க. எனக்கு அது போதும்.

காரக்குழம்பு:
அந்தக் கிழங்குக்குப் பேரே ஆட்டுக்கால் கிழங்கு. உங்க பூசணிக்காய்க்குப் பேரு மோரா? மோர் எங்கேன்னுதான் கேட்டேன், மலைக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?

பென்ஷன் பார்ட்டி:
இருவரும் பொறுமை காக்கவும். முதலில் வீகன் என்றால் என்ன என்று வரையறுத்துக்கொள்வோம். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து உருவாக்கிய சொல் அது. இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவுமே கூடாது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2022இல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஆகவே வரையறையிலிருந்து தொடங்கினால்...

காரக்குழம்பு:
சார், அதெல்லாம் சரி. மோர் எங்கே?

ஹாஸ்டல் வாசி:
அக்கா, அண்ணா எல்லாரும் இருக்கீங்க, நடுவுல ஒரு சின்ன சந்தேகம். வெள்ளிக்கிழமை ராத்திரி என் ரூமுக்கு ஆபீஸ் நண்பர் சாப்பிட வர்றார், அவரும் வீகன். என்கிட்ட ஒரு குக்கர், ஒரு வாணலி, மிக்ஸி மட்டும்தான் இருக்கு. என்ன செய்யலாம்?

நெல்லைக்காரி:
நான் சும்மா வாசிச்சிட்டுப் போவலாம்னுதான் வந்தேன். ஆனா தேங்காய்ப்பால்ல காய் வேவவெச்சு, கடைசியில எலுமிச்சை பிழிஞ்சா அதுக்கு எங்க ஊர்ல ஏற்கெனவே ஒரு பேரு இருக்கு. சொதி! கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளைக்குப் போடுத சொதி. பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் மூணாம் பால்லயும் ரெண்டாம் பால்லயும் வெந்து, கெட்டியான முதல் பாலை விட்டதும் கொதிக்கவிடாம இறக்கணும், இல்லைன்னா திரிஞ்சிடும். தேங்காய்ப்பால் திகட்டும்லா, அதுக்குத்தான் பக்கத்துல இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு சிப்ஸும். மண்சட்டி, நீங்க செஞ்சது பருப்பும் இல்லாம பச்சடியும் இல்லாம, அரைகுறை சொதி. அதுக்கு மோர்க்குழம்புன்னு பேரு வெச்சா எங்க சொதிக்கும் கேவலம், மோர்க்குழம்புக்கும் கேவலம்.

காரக்குழம்பு:
கேட்டுக்குங்க! இதைத்தான் நானும் சொல்றேன்.

யாழ்தேவி:
ஒரு நிமிசம். சொதி உங்கட ஊர்ச் சாமான் எண்டு ஆர் சொன்னது? எங்கட வீட்டில இரவுக்கு இடியப்பம் எண்டால் சொதி, காலமை புட்டு எண்டால் அதுக்கும் சொதி. மஞ்சள், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், ரெண்டு கொச்சிக்காய்ச் செத்தல், கொஞ்சம் வெந்தயம். அடுப்பை நிப்பாட்டிப்போட்டுத்தான் தேசிக்காய்ப் புளி விடோணும். பத்து நிமிச வேலை. சைவ நாளில மீன் போடாமல் வைச்சால் அது முழுக்க முழுக்க வீகன்தான். இதுக்குக் கலியாணமும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம்.

நெல்லைக்காரி:
உங்க சொதி தண்ணி மாதிரி இருக்கும். எங்க சொதி குழம்பு. ரெண்டும் ஒண்ணா?

யாழ்தேவி:
தண்ணியா இருந்தால்தான் இடியப்பம் ஊறும். உங்கட சொதிக்குள்ள அரைச் சந்தை கிடக்குது, அதைச் சாம்பார் எண்டு சொல்லுங்கோ.

நெல்லைக்காரி:
சாம்பாரா?! ஏளா, எங்க ஆச்சி இதைக் கேட்டிருந்தா உலக்கையைத் தூக்கியிருப்பா.

ஹாஸ்டல் வாசி:
சொதி குக்கர்ல வருமா?

காரக்குழம்பு:
சொதிச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். மோர்க்குழம்பு எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், மண்சட்டியும் படிக்கட்டும். ஊறவெச்ச துவரம்பருப்பு ரெண்டு ஸ்பூன், பச்சரிசி ஒரு ஸ்பூன், சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய், தேங்காய், எல்லாத்தையும் வெண்ணெய் மாதிரி அரைக்கணும். ரெண்டு நாள் புளிச்ச தயிரைக் கட்டியில்லாம கடைஞ்சு அதுல கலக்கணும். வெந்த பூசணியோட அடுப்புல வெச்சா, ஓரத்துல நுரை கூடும். நுரை நடுவுக்கு வர்றதுக்குள்ள இறக்கிடணும். ஒரு கொதி விட்டா தயிர் பிரிஞ்சு திப்பி திப்பியா நிக்கும். அந்த நுரைக்காக அடுப்பு பக்கத்துலயே நின்னவங்களுக்குத்தான் மோர்க்குழம்பு என்னன்னு தெரியும். எலுமிச்சம்பழப் புளிப்பு வேற, தயிர் புளிச்ச புளிப்பு வேற. எலுமிச்சை நாக்குல குத்திட்டுப் போயிடும். மோர்ப் புளிப்பு தொண்டை வரைக்கும் வரும்.

மண்சட்டி:
"வெண்ணெய் மாதிரி அரைக்கணும்." வெண்ணெய் எங்கே அக்கா? 😄

காரக்குழம்பு:
இதுக்குப் பேரு வாதமா? மாதிரின்னு சொன்னேன். நீங்களும் "மோர்க்குழம்பு மாதிரி"ன்னு போட்டிருந்தா நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

கொங்குத்தங்கம்:
ஏனுங்க, நானும் ஒண்ணு சொல்லட்டுங்களா? மொதல்ல இந்த "நம்ம சமையல்"ங்கிறதே யாரோட சமையலுங்க? எங்க ஊட்டுல ஞாயித்துக்கிழமை கோழிதான். மத்த நாள்ல அம்மா ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவாங்க, கொள்ளு ரசமோ பச்சைப்புளி ரசமோ வெப்பாங்க. நெய்யெல்லாம் பண்டிகைக்குத்தான், மத்த நாளுக்கு நல்லெண்ணெய். அப்ப நாங்க பாதி நாள் வீகன்னு எங்களுக்கே தெரியாம இருந்திருக்கறோம். ஒருத்தரும் இலையைப் படம் புடிச்சுப் போடலீங்க.

தம்பி ஹாஸ்டல், நீங்க அரிசிம்பருப்பு பண்ணுங்க. ஒண்ணரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மஞ்சத்தூள், சீரகம், வரமிளகாய். நல்லெண்ணெயில தாளிச்சு, அஞ்சு டம்ளர் தண்ணி ஊத்தி மூணு விசில் விட்டாப் போதும்.

பென்ஷன் பார்ட்டி:
நல்ல கருத்து அம்மா. ஆனால் பெயர் விஷயத்தில் ஒரு தகவல். 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தாவரத்திலிருந்து செய்ததைப் பால், வெண்ணெய், சீஸ் என்று பெயரிட்டு விற்கக் கூடாது. காலங்காலமாக வழங்கிவரும் தேங்காய்ப்பால் போன்ற சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு.

காரக்குழம்பு:
பார்த்தீங்களா, நீதிமன்றமே சொல்லிடுச்சு!

மண்சட்டி:
பார்த்தீங்களா, தேங்காய்ப்பாலுக்கு விலக்குன்னு நீதிமன்றமே சொல்லிடுச்சு!

பென்ஷன் பார்ட்டி:
நான் சொல்ல வந்தது இரண்டுமே இல்லை.

வேர்க்கடலை:
நான் எட்டு வருஷமா வீகன். என்னைக் கேட்டா ரெண்டு பேருமே வீண் சண்டை போடறீங்க. வேர்க்கடலைத் தயிர் போட்டு மோர்க்குழம்பு வெச்சா யாருக்கும் பிரச்சினை இல்லை. ஒரு கப் பச்சை வேர்க்கடலையை ராத்திரி ஊறவெச்சு, தோலை நீக்கி, மூணு கப் தண்ணி விட்டு அரைச்சு வடிகட்டி, அடிப்பிடிக்காம கிளறிக்கிட்டே காய்ச்சணும். கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஏழெட்டு மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடி வெச்சா காலையில உறைஞ்சிருக்கும். முதல் தடவை கொழகொழன்னுதான் வரும், வேர்க்கடலை வாசனையும் தூக்கலா இருக்கும். அதுல ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த தடவை உறை ஊத்துங்க, கெட்டியா புளிப்பா வரும். கடைஞ்சா மோர்தான்.

காரக்குழம்பு:
மிளகாய்க் காம்புல உறையும், ஒத்துக்கறேன், எங்க பாட்டியும் உறைமோர் தீர்ந்துபோனா அப்படித்தான் செய்வாங்க. ஆனா உறைஞ்சதெல்லாம் தயிராயிடுமா? சிமென்ட்டும்தான் உறையுது.

வேர்க்கடலை:
உங்களுக்கு ருசி பிரச்சினை இல்லை, மாடுதான் பிரச்சினை. மாட்டுக்கிட்டேயிருந்து வந்தா மட்டும்தான் நம்புவீங்க.

காரக்குழம்பு:
ஆமா, மோரை மாட்டுக்கிட்டேயிருந்துதான் நம்புவேன். எருமையா இருந்தாலும் பரவாயில்லை.

வேர்க்கடலை:
இந்தக் குழுவில் என்னைப் போல ஆளுங்களுக்கு எப்பவும் இதே மரியாதைதான். மூணு மாசம் முன்னாடி அவியலுக்குத் தயிர் வேண்டாம், மாங்காய் போதும்னு சொன்னதுக்கு "நோயாளி சமையல்"னு சொன்னது யாருன்னு நான் மறக்கல.

கொங்குத்தங்கம்:
அதை விடுங்க. நான் இப்பத்தான் மண்சட்டி போட்ட படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். இலையோட வலது மூலையில, அப்பளத்துக்குப் பக்கத்துல, கருகருன்னு நாலு கெடக்குதே... அது என்னங்க மோர் மிளகாயா?

காரக்குழம்பு:
ஐயோ. ஐயோ! நான் கவனிக்கவே இல்லையே! தங்கம், உங்க கண்ணுக்கு நான் ஒரு படி நெல்லிக்காய் அனுப்பறேன்.

மகாஜனங்களே, மோர்க்குழம்புல மோர் இல்லை. மிளகாய்ல மோர் இருக்கு! உப்புப் போட்ட கெட்டி மோர்ல ராத்திரி ஊறவெச்சு, பகல்ல வெயில்ல காயவெச்சு, சாயங்காலம் திரும்ப அதே மோர்லயே போட்டு, மோர் மொத்தத்தையும் மிளகாய் உறிஞ்சி முடியற வரைக்கும் செய்யறதுதான் மோர் மிளகாய். அதை வீகன் விருந்தாளி இலையில வெச்சிருக்காங்க. "நெய்யையும் தயிரையும் தூக்கிட்டா முடிஞ்சுது"ன்னு உபதேசம் பண்ணினவங்க!

மண்சட்டி:
அது கடையில பாக்கெட்டா வாங்கினது. கடைக்காரங்க எங்கே அவ்வளவு மோர் ஊத்தறாங்க? வெறும் உப்புத்தண்ணியாத்தான் இருக்கும். பேருக்குத்தான் மோர் மிளகாய்.

காரக்குழம்பு:
குழம்புல பேரு முக்கியமில்லை. மிளகாய்ல பேரு பொய். உங்க சௌகரியத்துக்குப் பேரு வந்து வந்து போகுது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தீங்களா? என்னென்ன சேர்த்திருக்குன்னு போட்டிருக்குமே.

மண்சட்டி:
பாக்கெட் குப்பைக்குப் போயாச்சு. அப்படியே இருந்தாலும், அந்த ரெண்டு பேரும் மிளகாயைத் தொடவே இல்லை.

வேர்க்கடலை:
தொடாதது அவங்க புண்ணியம். எங்களுக்கு இதுதான் தினமும் நடக்குது. "வெறும் பருப்புதான்"னு பரிமாறுவாங்க, மேல ஒரு ஸ்பூன் நெய் மின்னும். சப்பாத்தி மாவுல பால் ஊத்திப் பிசைஞ்சிருப்பாங்க. கேட்டா "கொஞ்சம்தானே"ம்பாங்க.

பென்ஷன் பார்ட்டி:
அதனால்தான் முதலிலேயே வரையறை...

காரக்குழம்பு:
சார், ப்ளீஸ்.

யாழ்தேவி:
எங்கட ஊரிலயும் மோர் மிளகாய் இருக்கு. ஆனால் சொதிக்குப் பொரிச்ச அப்பளமே காணும்.

நெல்லைக்காரி:
சொதிக்கு அப்பளமா? இஞ்சிப் பச்சடி இல்லாமலா? இதுக்கு மேல நான் என்ன சொல்லுததுக்கு இருக்கு.

யாழ்தேவி:
அப்ப சொல்லாதேங்கோ.

மண்சட்டி:
அடுத்த வாரம் திரும்ப அதே ஆறு பேர் வர்றாங்க. அதே தேங்காய்ப்பால் மோர்க்குழம்புதான் வைக்கப் போறேன். படமும் போடுவேன், பேரையும் அப்படியேதான் போடுவேன். வேணும்ங்கறவங்க பாருங்க, வேண்டாம்ங்கறவங்க கண்ணை மூடிக்குங்க.

காரக்குழம்பு:
போடுங்க. நானும் பெருசு பண்ணிப் பார்ப்பேன்.

ஹாஸ்டல் வாசி:
எல்லாருக்கும் நன்றி. நேத்து நண்பர் வந்துட்டுப் போயிட்டார். கொங்குத்தங்கம் அக்கா சொன்ன அரிசிம்பருப்புதான் செஞ்சேன், கொஞ்சம் குழைஞ்சு போச்சு, ஆனாலும் ரெண்டு பேரும் குக்கரைச் சுரண்டிட்டோம். சாப்பிட்டு முடிச்சு அவர் காபி கேட்டார், அங்கேதான் மாட்டிக்கிட்டேன். தேங்காய்ப்பால்ல ஃபில்டர் காபி போட்டா நல்லா இருக்குமா?

காரக்குழம்பு:
தம்பி, அதைக் காபின்னு சொல்லாதீங்க.

மண்சட்டி:
ஏன் சொல்லக் கூடாது? காபிக்கொட்டை இருக்குல்ல? பேருல பால் எங்கே இருக்கு?

காரக்குழம்பு:
முதல்ல மோர் மிளகாய்க்குப் பதில் வரட்டும்.