‘கண்சிமிட்டல்’ வேண்டாம், ‘விட்டொளிர்தல்’ சரியா வருமா?

வணக்கம். ஒளிச்சேர்க்கைக் கட்டுரைக்கு, பிளிங்கிங் (blinking, அதாவது ஒரு மூலக்கூறின் ஒளி அணைந்து அணைந்து வருவது) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக ஐயா கொடுத்த ‘கண்சிமிட்டல்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒட்டவில்லை. பாம்பன் கலங்கரை விளக்கம் செய்வதுதான் சிமிட்டல், இத்தனை நொடிக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து. செடிகளில் ஒளியை வாங்கிச் சேர்க்கிற எல்.எச்.சி.2 புரதத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒன்றே ஒன்றைத் தனியாகப் பிடித்து லேசர் அடித்தால் பளிச்சென்று ஒளிர்ந்துகொண்டே இருக்கும், திடீரென்று இருண்டுவிடும், மறுபடி எப்போது ஒளிரும் என்று சொல்லவே முடியாது. இந்தப் புரதம் மூன்று கூறுகள் சேர்ந்தது, மூன்றிலும் சேர்த்து 42 பச்சைய மூலக்கூறுகள் உள்ளே இருந்தும், மொத்தமாக ஒரேயடியாக அணைகிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை.

கரைசலில் கோடிக்கணக்கில் சேர்த்து அளந்தால் இது கண்ணில் படாது. ராத்திரி மண்டபம் கரையில் நின்று பார்த்தால் தூரத்து வள்ளங்களின் விளக்கெல்லாம் ஒரே வெளிச்சக் கோடாகத்தான் தெரியும், அதில் எவன் விளக்கு அணைந்தது என்று யார் கண்டது?

இன்னொருவர் ‘அவிதல்’ என்றார். எங்கள் பக்கம் அவிந்துபோச்சு என்றால் அதோடு முடிந்தது, இதுவோ திரும்ப வருகிறது. தவிர, இது பழுதும் இல்லை. அமிலத்தன்மையைக் கூட்டி, கடும் வெயிலில் இலைக்குள் இருக்கிற நிலைமை மாதிரி அமைத்தால் இருண்டிருக்கும் நேரம் கூடுகிறது என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2012இல் எழுதினார்கள். மிஞ்சிய ஆற்றலை வெப்பமாகக் கழித்துவிட்டு இலை தன்னைக் காத்துக்கொள்கிற வழியோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பள்ளிப் புத்தகத்தில் உடனொளிர்தல் (ஒளி பட்டதும் ஒளிர்வது), நின்றொளிர்தல் (ஒளியை நிறுத்திய பிறகும் ஒளிர்வது) என்று ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. அந்த வரிசையில் விட்டொளிர்தல். மழை விட்டு விட்டுப் பெய்தது என்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று யாரும் கேட்பதில்லை, அந்த ஒழுங்கின்மை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலக்கணக்காரர்களுக்கு ‘விட்டிசைத்தல்’ (சேராமல் இடைவிட்டு ஒலிப்பது) பழகினதுதானே. இரண்டு நிலைகளுக்கும் ஒளிர்நிலை, இருள்நிலை போதும்.

ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் வாசித்துக் காட்டினேன், தங்கச்சி “விட்டொழியா?” என்று கேட்டாள். நம் கரையில் ழகரமும் ளகரம்தான், என்ன செய்ய. பேச்சில் ‘விட்டு ஒளிர்தல்’ என்று பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம், எழுத்தில் சேர்ந்தே இருக்கட்டும்.

‘மினுக்கம்’ என்று யாரும் வந்துவிடாதீர்கள், அது நட்சத்திரத்துக்கு இருக்கட்டும். ஐயா என்ன சொல்கிறீர்கள்?