டைமிங் செயின், வால்வ் ஸ்பிரிங் மாற்றம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். என்னுடையது இரட்டைக் கேம்ஷாஃப்ட் உள்ள 2.0 லிட்டர் டர்போ இன்ஜின். லிஃப்ட் (வால்வ் திறக்கும் உயரம்) அதிகமான கேம் போட்டு, ரெவ் லிமிட்டை (இன்ஜின் சுழலும் உச்ச வேகத்தை) 7,000-லிருந்து 8,000 ஆர்பிஎம்முக்கு ஏற்றப் போகிறேன். அந்த வேகத்தில் பழைய ஸ்பிரிங் வால்வைக் கேமோடு ஒட்டி வைத்திருக்காது. வால்வ் மிதந்து பிஸ்டனில் இடித்தால் இன்ஜினே போய்விடும். டர்போவின் காற்றழுத்தமான பூஸ்ட் வேறு இன்டேக் வால்வைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே ஸ்பிரிங் மாற்றுவது உறுதி.

குழப்பம் எதைப் போடுவது என்பதில்தான். பீஹைவ் ஸ்பிரிங் (தேன்கூடு போல மேலே குறுகுவது) எடை குறைவு, ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் ரீடெய்னரும் சின்னது. இரட்டை ஸ்பிரிங்கில் (ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு) ஒன்று உடைந்தாலும் மற்றது வால்வை விழாமல் பிடிக்கும். எனக்கு மனசு இரட்டைப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் ரொம்பக் கடினமாகப் போனால் கேம் லோப் (வால்வை அழுத்தும் மேடு) தேயும், கேமைச் சுழற்றும் டைமிங் செயினுக்கும் சுமை கூடும். முழு லிஃப்டில் சுருள்கள் முட்டாமல் இருக்க 1.5 மி.மீ. இடைவெளி போதுமா?

செயினோடு கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாமே புதிதுதான். அப்புறம், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனரையே வைக்கலாமா, கையால் இறுக்குவதற்கு மாறலாமா? இதே அளவு ரெவ்வில் ஓட்டுபவர்கள் உங்கள் சீட் பிரஷரையும் (வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தரும் விசை) இன்ஸ்டால்டு ஹைட்டையும் (அப்போது ஸ்பிரிங்கின் உயரம்) தயவுசெய்து எழுதுங்கள்.