புதுப்பிப்பு: பைக் சேஃப்டி கோர்ஸ் இன்ஸ்ட்ரக்டர் டெஸ்ட் பாஸ்

யூ-டர்ன் எடுத்துக் காட்டுறப்ப வண்டி தரையில போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிப் போகுது, இன்ஸ்ட்ரக்டர் டெஸ்ட்டுக்கு என்ன பண்றதுன்னு கேட்டிருந்தேன்ல, பாஸ் ஆயிட்டேன், பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கைகொடுத்தது, கிளட்ச்சைப் பாதி பிடியில வச்சு, பின் பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டு, தலையைத் திருப்பி போக வேண்டிய இடத்தைப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னதுதான். முன் சக்கரத்தையே பார்க்கிறதை விட்டதும் வண்டி உள்ளயே வளைஞ்சுது.

எதிர்பார்க்காதது என்னன்னா, ஓட்டுறதைவிட சொல்லிக்கொடுக்கிறதைத்தான் அதிகம் கவனிச்சாங்க: ஒரு ரவுண்டுக்கு ஒரே திருத்தம், அதுவும் சுருக்கமா, நாலஞ்சு குறையை அடுக்கினா கத்துக்கிறவருக்கு ஒண்ணும் மண்டையில ஏறாது. இது ரொம்பச் சரின்னு நினைக்கிறேன்.

சர்டிஃபிகேட்டைத் தக்க வைக்க, காலாவதிக்குள்ள குறைஞ்சபட்ச வகுப்புகள் எடுத்திருக்கணும், ரிஃப்ரெஷர் (மறுபயிற்சி) கோர்ஸும் முடிக்கணும், அதனால எடுத்த வகுப்பை முடிஞ்ச அன்னைக்கே தேதியோட குறிச்சு வச்சிடுங்க.