சிங்கப்பூரில் சுகர் ஸ்னாப் பட்டாணி போடலாமா? புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனிலோ அமெரிக்காவிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் தோட்டத்தில் கொத்துக் கொத்தாகக் காய்த்த சுகர் ஸ்னாப் பட்டாணியை, அதாவது தோலோடு தின்னும் இனிப்புப் பட்டாணியை, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு விதை தேடிக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். காய் வேண்டும் என்றால் இங்கே மெனக்கெட வேண்டாம். பட்டாணித் தளிரைக் கீரையாகச் சமைக்க வேண்டும் என்றால் தாராளமாகப் போடுங்கள்.

பட்டாணி குளிர்காலப் பயிர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விளைவது மதுரையில் ஏன் விளைவதில்லையோ, அதே காரணம்தான் இங்கேயும். 18 டிகிரி வாக்கில் சுகமாக வளரும். 30ஐத் தொட்டால் பூ உதிரத் தொடங்கிவிடும். பகல் வெயிலையாவது நிழல்வலை கட்டிச் சமாளிக்கலாம். இரவிலும் 24, 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் என்ன செய்வது? கொடி ஏறும், நாலு வெள்ளைப் பூ வரும், உதிரும். தப்பித் தவறிக் காய்த்தாலும் இனிப்பு இருக்காது, நார்தான் இருக்கும். ஆசை விடவில்லையா, நவம்பரில் குட்டை ரகமாகப் பார்த்து, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் டிசம்பர், ஜனவரியில்தான் இங்கே கொஞ்சம் குளுமை. நாலு காய் கிடைத்தால் நீங்களும் வாட்ஸப்பில் அனுப்பலாம்.

கீரை விஷயம் வேறு. சீனர் கடைகளில் பூண்டு போட்டு வதக்கித் தரும் டோ மியாவ், பட்டாணித் தளிர்தான். பூக்க வேண்டிய அவசியமே இல்லாததால் வெப்பம் அதற்குப் பெரிய தடை இல்லை. லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தைப் பக்கத்து மளிகைக்கடையில் உடைக்காத காய்ந்த பச்சைப் பட்டாணி வாங்கி இரவு முழுக்க ஊறவையுங்கள். ஓட்டை போட்ட தட்டில் இரண்டு விரற்கடை மண் பரப்பி, பட்டாணியை நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டு, சன்னல் ஓரம் வைத்தால் போதும். இரண்டு வாரத்துக்குள் ஒரு சாண் உயரம் வந்துவிடும். அடியில் ஒரு கணு விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும், ஆனால் முதல் வெட்டுதான் ருசி. நர்சரியில் விற்கும் விதைப்பட்டாணி இளஞ்சிவப்பாகச் சாயம் ஏறியிருந்தால் அது பூஞ்சை மருந்து தடவியது. தளிருக்கு அது ஆகாது. ‘ஸ்வீட் பீ’ என்று பூப்படம் போட்ட பாக்கெட்டையும் தொடாதீர்கள். அது அழகுக்கு வளர்ப்பது, விதை நச்சு.

இனி வீட்டு விவகாரம். வாடகை அறை என்றால் முதலில் வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள். வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் தொட்டி வைப்பதானால் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தீ விபத்து என்றால் எல்லாரும் ஓடும் பாதை அது. சுவர் விளிம்பின் மேல் தொட்டி வைக்கவே கூடாது. தொட்டிக்கடியில் இருக்கும் தட்டுதான் பெரிய தலைவலி. டெங்கி கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும், ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆட்கள் வீட்டுக்குள்ளேயே வந்து பார்ப்பார்கள். புழு தென்பட்டால் அபராதம். தட்டே இல்லாமல் வளர்க்கப் பழகுவது உத்தமம்.

பறித்த கையோடு கறுக்மொறுக்கென்று பச்சையாகத் தின்ன ஒரு கொடிக்காய்தான் வேண்டும் என்றால், என் ஓட்டு சிறகவரைக்கு. மலாய்க்காரர்கள் காச்சாங் போத்தோல் என்பார்கள். இந்த வெப்பமும் ஈரமும் அதற்குப் பிறந்த வீடு. பூப்பதற்குப் பகல் குறுகியிருக்க வேண்டிய ஜாதி. ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல் இருக்கும் இந்த ஊர் அதற்குத் தோதானது. விதைத்தோல் கல் மாதிரி இருக்கும், ஓரத்தில் லேசாகக் கீறி ஊறவைத்து நடுங்கள். பெரிய தொட்டியும் வலுவான பந்தலும் வேண்டும். காய் விரல் நீளத்தில் இருக்கும்போதே பறித்துவிடுங்கள், விட்டால் மரக்கட்டை. அதற்கு இடமில்லாதவர்கள் தங்கள் குடியிருப்புப் பேட்டையின் சமூகத் தோட்டத்தில் சேரலாம், அல்லது தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம். கிராக்கி அதிகம், குலுக்கலில்தான் கிடைக்கும்.

சுகர் ஸ்னாப்பைப் பேரங்காடியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். தட்டையாக இருப்பது ஸ்னோ பீஸ், உருண்டு புடைத்திருப்பதுதான் இது. அமெரிக்காவில் கால்வின் லாம்போர்ன் என்பவர் தடித்த தோலுள்ள ஒரு பட்டாணியை ஸ்னோ பீஸோடு கலந்து உருவாக்கி, 1979இல் வெளிவந்த ரகம். அந்தத் தடித்த தோலும் இனிக்கும். அதனால் உரித்துப் பட்டாணியை மட்டும் எடுத்துக் குருமாவில் போடுவது பாவம். இரண்டு ஓரத்து நாரையும் கிள்ளி இழுத்துவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, பெரிய தீயில் இரண்டே நிமிடம் புரட்டுங்கள். மூடி போட்டால் நிறம் செத்துவிடும். தேங்காய்ப்பூவை அடுப்பை அணைத்த பிறகு தூவுங்கள்.