ஜி.பி. நிலையம் சரியில்லையோ, மாறிவிடலாமா?

பெருந்துறைப் பெண்:
வணக்கம்ங்க. நாங்கள் பிரிட்டனுக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. குழந்தைக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். எங்கள் ஜி.பி. (பொது மருத்துவர்) நிலையத்தைக் காலை எட்டு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, வெகுநேரம் வரிசையில் காத்திருந்து நேற்றுதான் நேரம் கிடைத்தது. பார்த்த மருத்துவரோ பாராசிட்டமால் மட்டும் போதுமென்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார். ஊரில் எங்கள் டாக்டர் ஒரு ஊசியாவது போட்டிருப்பார். இந்த நிலையம் தரமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பொள்ளாச்சி அண்ணன்:
அம்மணி, நானும் வந்த முதல் குளிர்காலத்தில் இருமி இருமி, ஆன்டிபயாடிக் தரவில்லையே என்று மருத்துவரிடம் சண்டைக்கே போனேன். ஊரிலிருந்து மாத்திரைப் பட்டைகளை மஞ்சள்பைக்குள் வைத்து வரவழைத்து விழுங்கிய காலம் அது. இப்போது அப்படிச் செய்யவே மாட்டேன். இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

கரூர்க்காரர்:
உடனே மாறிவிடுங்கள். நிலையத்துக்கு அரசு தரும் மதிப்பீட்டைப் பார்க்கச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் இருக்கும் எனக்கு அப்படியொன்று இருப்பதாகவே தெரியாது. மருந்துச்சீட்டுக்கும் இங்கே கட்டணம் இல்லை.

திருப்பூர்க்காரர்:
இங்கிலாந்தில் எங்களுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. விசா எடுக்கும்போதே மருத்துவச் சேவைக் கட்டணமென்று ஆளுக்கு ஆண்டுக்கு 1,035, குழந்தைக்கு 776 பவுண்டு முன்கூட்டியே கட்டிவிட்டும், எட்டு மணிக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் ஆற்றாமை.

கோபி அக்கா (செவிலியர்):
கட்டணத்தைப் பிறகு பேசலாம். தங்கச்சி, குழந்தைக்கு என்ன வயது, இங்கிலாந்தா ஸ்காட்லாந்தா, தண்ணீர் குடிக்கிறாளா, சிறுநீர் போகிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டு விலா எலும்புக்கிடையே தோல் உள்ளே இழுத்தாலோ, கண்ணாடி டம்ளரை அழுத்தியும் மறையாத தடிப்பு தெரிந்தாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் கிடந்தாலோ அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள். பன்னிரண்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால் மருத்துவ ஆலோசனை எண் 111. காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டாலும் அன்றே ஜி.பி.யையோ 111ஐயோ அழைக்க வேண்டும்.

பெருந்துறைப் பெண்:
நான்கு வயதுங்க அக்கா, லீட்ஸில் இருக்கிறோம். கஞ்சி குடிக்கிறாள், சிறுநீரும் போகிறது. இப்போதுதான் நினைவு வருகிறது: அந்த மருத்துவர் பாப்பாவின் பனியனைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் பேசாமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதையும் தொண்டையையும் பார்த்து, எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார்.

கோபி அக்கா:
மூச்சை எண்ணியிருக்கிறார், தங்கச்சி. நான் தரம் பார்ப்பது அதில்தான்: தொட்டுப் பார்த்தாரா, நீங்கள் சொன்னதைக் கேட்டாரா, நிலைமை மோசமானால் என்ன செய்வதென்று சொல்லி அனுப்பினாரா. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உதவாது என்பதால், ஊசி போடாததை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. தொலைபேசியில் காக்கவைப்பது உண்மையான குறை; அதை விட்டுவிட வேண்டாம்.

இங்கிலாந்து நிலையங்களை சி.க்யூ.சி. என்ற கண்காணிப்பு அமைப்பு ஆய்வு செய்து ‘மிகச் சிறப்பு’ முதல் ‘போதாது’ வரை நான்கு படிகளில் மதிப்பிடுகிறது. ஸ்காட்லாந்து அதன் எல்லைக்குள் வராததால்தான் கரூர்த் தம்பிக்கு அது தெரியவில்லை. மதிப்பீட்டுக்கு முன்னால் ஆய்வு நடந்த தேதியைப் பாருங்கள், பல ஆண்டுகளுக்கு முந்தையதாக இருக்கலாம். தொலைபேசி எளிதில் கிடைக்கிறதா என்பதை ஆண்டுதோறும் வெளிவரும் ஜி.பி. நோயாளர் கருத்தாய்வில், பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முறையிடுவதானால் நிலைய மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். பன்னிரண்டு மாதம் வரை அவகாசம் உண்டு. வேறு நிலையத்துக்கு மாறுவதற்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. ஆனால் உங்கள் தெரு அந்த நிலையத்தின் எல்லைக்கு வெளியே இருந்தால் மறுக்கலாம். திருப்பூர்த் தம்பி, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இங்கும் மருந்து இலவசம்தான்.

பெருந்துறைப் பெண் (மறுநாள்):
காலையில் காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ் இருந்தது. “காய்ச்சல் ஐந்தாம் நாள், நான்கு வயது” என்று முதல் வாக்கியத்திலேயே சொன்னேன், 11.20க்கு வரச் சொல்லிவிட்டார்கள். எந்தெந்த நேரத்தில் எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு குடித்தாள் என்று எழுதிய தாளோடு கிளம்புகிறேன். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேங்க அக்கா.