வரைபடத் தலைப்பைச் சுற்றி இருக்கும் இந்தச் சுருள் சட்டம் என்ன பாணி?

கும்பகோணத்துக்காரன்:
தஞ்சாவூர் ஓவியங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். ஒருவர் 1570இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் வெளியான, வரைபடக் கலைஞர் ஆர்ட்டீலியஸின் வரைபடத்தின் நகல் கொண்டுவந்தார், தலைப்பைச் சுற்றித் தோலை வெட்டிச் சுருட்டிவிட்ட மாதிரி அலங்காரம், இதே போலச் சட்டம் வேண்டுமாம். இது என்ன?

திருவையாறு வாசகி:
ஸ்ட்ராப்வொர்க் அண்ணா. 1530களில் பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையில் இத்தாலிய ஓவியர் ரோஸ்ஸோ ஃபியோரென்டினோ சுவரோவியங்களைச் சுற்றிச் சுதையில் செய்தது. 1540களில் அச்சோவியக் கலைஞர் ஃபான்டுட்சி அந்தச் சட்டங்களைச் செப்புத்தகட்டில் எடுத்து அச்சிட, காகிதமாக ஊர் ஊராகப் போய்விட்டது.

மாயவரத்தான்:
அப்புறம் ஆன்ட்வெர்ப்பில் ஃப்ரேடெமான் டி ஃப்ரீஸ் என்ற அலங்கார வடிவமைப்பாளர் இதையே மாதிரி வடிவங்களாக அச்சிட்டார், கைவினைஞர்கள் பார்த்துச் செய்ய. நம்ம திருவாசி மாதிரிதான், சில நேரம் சாமியைவிட அதுவே கண்ணை இழுக்கும் (அடிக்க வராதீர்கள்).

கும்பகோணத்துக்காரன்:
சரி, தேக்கில் முயல்கிறேன். அந்தச் சுருளுக்குள் உளி நுழையுமா என்பதுதான் கவலை.