இலைச்சாறு புற்றுக்கலத்தைக் கொன்றால் அதிலிருந்து எவ்வளவு தூரம் சொல்லலாம்?

திருநெல்வேலி மாணவி

வணக்கம். தாவரவியல் இறுதியாண்டு ஆய்வுக்காக, யாழ்ப்பாணத்தின் வளவுகளிலும் வேலியோரங்களிலும் எளிதாகக் கிடைக்கும் எருக்கலை, அன்னமுன்னா, பாவட்டை, பட்டிப்பூ ஆகியவற்றின் இலைகளை நிழலில் உலர்த்தி, மெதனோலிலும் நீரிலும் தனித்தனியே சாறு பிரித்திருக்கிறேன். டி.பி.பி.எச். முறையில் செய்த ஒட்சியேற்ற எதிர்ப்புச் சோதனையில் பாவட்டை முந்தி நின்றது. ஆட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றிறாலின் குடம்பிகளைக் கொண்டு செய்த நச்சுத்தன்மைச் சோதனையிலோ அன்னமுன்னாவும் அதற்கு அடுத்தபடியாக எருக்கலையும் மிகக் குறைந்த செறிவிலேயே பெரும்பாலான குடம்பிகளைக் கொன்றுவிட்டன.

அடுத்த படி மனிதப் புற்றுக்கலங்களில் சோதிப்பது. அதற்கான கலவளர்ப்பு வசதி எனக்கு இங்கே கிடைக்கவில்லை. கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்குக் கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டும். ஆகவே எல்லாச் சாறுகளையும் அனுப்ப இயலாது. எவற்றை அனுப்புவது, எந்தக் கலங்களில் சோதிக்கக் கேட்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்று: ஆய்வுத் தலைப்பில் ‘புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல்’ என்று இடலாமா? முடிவு சாதகமாக வந்தாலும் அவ்வளவு சொல்ல எனக்கு உரிமை உண்டா என்பதில் தெளிவில்லாமல் இருக்கிறேன்.

நுணுக்குக்காட்டி

தங்கைக்கு, பாவட்டையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒட்சியேற்ற எதிர்ப்பு அதிகம் என்பதற்காக ஒரு சாறு புற்றுக்கலத்தைக் கொல்லும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே ஆய்வுக் கட்டுரைக்குள் இணைத்து எழுதும் வழக்கம் பரவியிருக்கிறதே தவிர, இணைக்கும் தருக்கம் பலவீனமானது. ஆட்டீமியாச் சோதனை சற்றுப் பயனுள்ளது. 1982இல் மேயரும் அவருடைய குழுவினரும் அதைத் தாவரச் சாறுகளுக்கான பொதுவான, செலவு குறைந்த முதற்சோதனையாக வெளியிட்டார்கள். மில்லிலீற்றருக்கு 1,000 மைக்கிரோகிராமுக்குக் குறைந்த செறிவில் பாதிக் குடம்பிகள் இறந்தால் அந்தச் சாற்றில் ஏதோ ஒரு வீரியம் உண்டு என்று கொள்வார்கள். ஆனால் அந்த வீரியம் எதன்மீது வேலை செய்கிறது என்பதைக் குடம்பியின் சாவு சொல்லாது.

புற்றுக்கலத்தில் செய்யும் சோதனைக்கும் இதே வரம்பு உண்டு. அனேகமாக உங்களுக்கு எம்.ரி.ரி. முறையில்தான் செய்து தருவார்கள். 1983இல் வெளியான அம்முறையில், 96 குழித் தட்டில் கலங்களை வளர்த்து, சாற்றைச் சேர்த்து ஒன்று முதல் மூன்று நாள்கள் வைத்திருந்து, பின்னர் மஞ்சள் நிறமான ஓர் உப்பை இடுவார்கள். உயிருள்ள கலங்கள் அதை ஊதாநிறப் போமசானாக மாற்றும். அதைக் கரைத்து, 570 நானோமீற்றர் அளவில் ஒளி உறிஞ்சலை அளந்து, எத்தனை வீதம் கலங்கள் எஞ்சின என்று கணிப்பார்கள். தாவரச் சாறு என்று வரும்போது இங்கே ஒரு சிக்கல் உண்டு. பொலிபீனோல்கள் நிறைந்த சாறு, கலமே இல்லாத குழியிலும் அந்த மஞ்சள் உப்பைத் தானாக ஊதாவாக்கிவிடும். அப்போது இறந்த கலங்கள் உயிரோடிருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு செறிவிலும் கலமில்லாத கட்டுப்பாட்டுக் குழிகள் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால், கலங்களின் புரதத்துக்குச் சாயமேற்றி அளக்கும் எஸ்.ஆர்.பி. முறையிலும் ஒருமுறை செய்து தரச் சொல்லுங்கள். சாற்றில் தனின்கள் அதிகமென்றால் அவை புரதங்களோடு கண்டபடி பிணைந்து எல்லாவற்றையும் குழப்பும். பொலியமைட்டு நிரலினூடாகச் செலுத்தி அவற்றை முன்கூட்டியே நீக்குவது நல்லது.

பட்டிப்பூவைப் பற்றி. நித்தியகல்யாணி என்று பிற இடங்களில் அழைக்கப்படும் இந்த மடகஸ்கார்ச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்ரின், வின்கிறிஸ்ரின் என்னும் மருந்துகள் வந்தன. ஆனால் அவை வந்த வழி நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. கனடாவில் நோபிளும் பியரும் இதை ஆராயத் தொடங்கியது, யமேக்காவில் நீரிழிவுக்கு இந்த இலைக் கசாயத்தைக் குடிக்கிறார்கள் என்று அறிந்துதான். எலிகளில் சர்க்கரை குறையவில்லை, வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. அந்தத் தடயத்தைப் பின்தொடர்ந்து 1958இல் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தார்கள். இலையில் இந்த இரு சேர்வைகளும் (அற்கலோயிட்டுகள்) மிக அற்ப அளவே உள்ளன. மேலும் அவை கலப்பிரிவின்போது நிறமூர்த்தங்களைப் பிரித்திழுக்க உருவாகும் கதிரிழைகளைக் குலைப்பவை என்பதால், ஒரு கலம் பிரிவுக்கு வந்து சேரும்வரை விளைவு தெரியாது. 24 மணி நேரச் சோதனையில் பட்டிப்பூ ‘பயனற்றது’ என்று முடிவு வந்தாலும் வியப்பதற்கில்லை. 72 மணி நேரம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள்.

எண்களைப் படிக்கும்போது ஓர் அளவுகோல் வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் வழக்கத்தைத் தழுவி, பாதிக் கலங்களைத் தடுக்கும் செறிவு பண்படாத சாற்றுக்கு மில்லிலீற்றருக்கு 20 மைக்கிரோகிராமுக்குள்ளும், தூய சேர்வைக்கு 4 மைக்கிரோகிராமுக்குள்ளும் இருந்தால்தான் பலர் அதைப் பொருட்படுத்துவார்கள். 500 மைக்கிரோகிராமில் கலங்கள் இறந்ததைக் கண்டு மகிழ்ந்து எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. ஐந்து லீற்றர் குருதியில் அந்தச் செறிவை எட்ட இரண்டரைக் கிராம் சாறு சமிபாடடையாமல், ஈரலில் சிதையாமல் அப்படியே குருதியில் கலந்து நிற்க வேண்டும், அது நடக்காது.

கடைசியாக, புற்றுக்கலத்தை மட்டும் சோதித்தால் உங்களிடம் இருப்பது பாதி விடை. சாதாரணக் கலம் ஒன்றிலும் அதே நாளில், அதே தட்டு முறையில் சோதித்து, பாதிக் கலங்களைத் தடுக்கும் இரண்டு செறிவுகளின் விகிதத்தைத் தாருங்கள். சாதாரணக் கலத்தையும் அதே செறிவில் கொல்லும் சாறு வெறும் நஞ்சு.

கைதடி வைத்தியர்

மகளுக்கு, மேலே சொல்லப்பட்ட தொழில்நுட்ப விடயங்களில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. சித்த மருத்துவத்தின் பக்கமிருந்து இரண்டு விடயங்கள். நீங்கள் மெதனோலில் பிரித்தது எங்கள் மருந்து அன்று. நோயாளி குடிப்பது நீரில் காய்ச்சி எட்டிலொன்றாக வற்றவைத்த குடிநீர். அதில் இறங்கும் பொருள்கள் வேறு. மரபு மருந்தை ஆராய்கிறேன் என்று முன்னுரையில் எழுதிவிட்டு மெதனோல் சாற்றைச் சோதிப்பது பொருந்தாது. இலங்கையில் வழங்கும், கருஞ்சீரகம், நன்னாரி, பறங்கிப்பட்டை வகையொன்று ஆகிய மூன்றும் சேர்ந்த கசாயத்தைக் கசாயமாகவே ஈரற்புற்றுக் கலங்களான ஹெப்-ஜி2இல் சோதித்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்த வரிசை சரியானது: மருந்தாக எது வழங்கப்படுகிறதோ அதை முதலில் சோதித்து, அதன் பிறகு உட்பொருளைத் தேடுவது.

இரண்டாவது, உறுப்பும், நச்சை நீக்கும் பக்குவமான சுத்தியும். எருக்கலையில் இலை, பூ, வேர்ப்பட்டை, பால் ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் வேறு வேறு பயன்பாடு உண்டு; ‘எருக்கலைச் சாறு’ என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் உதவாது. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்: பச்சையாகத் தொட்டாலே தோல் கொப்பளிக்கும், சுத்தி செய்யாமல் நாங்கள் அதை மருந்தில் சேர்ப்பதில்லை. பச்சைக் கொட்டையின் சாறு கலத்தைக் கொன்றது என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? எந்த மாதத்தில், எந்த ஊரில், எந்த மண்ணில் பறித்தீர்கள் என்பதையும் எழுதி, பூவோடு கூடிய ஒரு கிளையை உலர்தாவர மாதிரியாகப் பதிந்து வையுங்கள். பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்போடு ஒப்பிட்டு இனத்தை உறுதிப்படுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

மருந்தாளர்

தலைப்பைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: இடாதீர்கள். ‘கல நச்சுத்தன்மை’ என்பது நீங்கள் அளந்தது, அதையே இடுங்கள்.

காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. அன்னமுன்னாவின் உறவான முள்சீத்தா ‘கீமோவைவிட 10,000 மடங்கு வலியது’ என்று வாட்சப்பில் சுற்றும் செய்தியை, சிகிச்சை பெறுவோரின் உறவினர்கள் இன்றும் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதன் வேரில் இருப்பது 1996இல் வெளியான ஓர் ஆய்வு: முள்சீத்தாவின் வித்திலிருந்து பிரித்த ஒரு தனிச் சேர்வை, ஒரேயொரு குடற்புற்றுக் கல வரிசையில், அட்ரியமைசின் என்னும் புற்று மருந்தைவிட அத்தனை மடங்கு வீரியம் காட்டியது. தட்டில் கண்ட அந்த ஒற்றை எண், வித்து இலையாகி, சேர்வை தேநீராகி, கலம் மனிதனாகி ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. அதே குடும்பத்துத் தாவரங்களில் உள்ள அனொனசின் நரம்புக் கலங்களுக்கு நஞ்சு என்பதும், குவாடலூப் தீவில் இவற்றை வழக்கமாக உட்கொண்டவர்களிடையே பார்கின்சனைப் போன்ற ஒரு நோய் கூடுதலாகக் காணப்பட்டதை 1999இல் அறிவித்தார்கள் என்பதும் அந்தச் செய்தியில் இருப்பதில்லை.

திருநெல்வேலி மாணவி

மூவருக்கும் நன்றி. எருக்கலை இலை, அன்னமுன்னா இலை ஆகியவற்றின் மெதனோல் சாறுகளையும், எருக்கலை இலையைக் குடிநீர் முறையில் காய்ச்சி வற்றவைத்த ஒன்றையும் அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். தலைப்பை மாற்றுவது பற்றி மேற்பார்வையாளரிடம் பேசுவேன். மார்புப் புற்றுக் கலமான எம்.சி.எஃப்-7 அங்கே இருக்கிறது. சாதாரணக் கலமாகச் சுண்டெலியின் 3ரி3 நார்க்கலங்களையோ, குரங்கின் சிறுநீரகக் கலமான வீரோவையோ தரலாம் என்கிறார்கள். 3ரி3க்குக் கட்டணம் குறைவு. அது போதுமா?

நுணுக்குக்காட்டி

போதாது, அதிலும் எருக்கலைக்குக் கண்டிப்பாகப் போதாது. எருக்கலையின் வீரியத்தில் பெரும்பங்கு இதயத்தின்மீது வேலை செய்யும் காடினோலைட்டுகளுடையது. அவை கலமென்சவ்விலுள்ள சோடியம்-பொற்றாசியம் பம்பியைத் தடுப்பவை. எலி, சுண்டெலி ஆகியவற்றின் அந்தப் பம்பி இயல்பாகவே இவற்றுக்கு எளிதில் அகப்படாத அமைப்புடையது. மனிதக் கலத்தை நிறுத்தும் செறிவைவிட நூறு மடங்குக்கும் மேல் அதற்குத் தேவைப்படலாம். ஆகவே மனிதப் புற்றுக்கலத்தையும் சுண்டெலியின் சாதாரணக் கலத்தையும் ஒப்பிட்டால், சாறு புற்றை மட்டும் தேடிக் கொல்வதுபோல் மிக அழகான ஒரு விகிதம் கிடைக்கும். அது புற்றுக்கும் சாதாரணத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு அல்ல, மனிதனுக்கும் எலிக்கும் இடையிலுள்ள வேறுபாடு. குரங்கின் கலம் இந்த விடயத்தில் மனிதக் கலத்தை ஒத்தது. கூடுதலாகச் செலவானாலும் வீரோவைக் கேளுங்கள். மனிதச் சாதாரணக் கலம் ஏதாவது இருந்தால் அது இன்னும் நல்லது.

அன்னமுன்னாவுக்கு வேறொரு கவனம். அதிலுள்ள அசிற்றோசெனின்கள் என்னும் சேர்வைகள், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் சுவாசச் சங்கிலியில் முதற்கட்டத்தையே அடைப்பவை. எம்.ரி.ரி. நிறமாற்றம் கலத்தின் வளர்சிதைமாற்றத்தைச் சார்ந்தது என்பதால், கலம் சாகாமலே நிறம் குறையக்கூடும். அந்த ஒரு சாற்றுக்காவது எஸ்.ஆர்.பி. முறையையும் சேர்த்துக் கேட்பதைக் கைவிடாதீர்கள்.

சாறுகளை டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைக்கச் சொல்லி, குழியில் அதன் அளவு 0.5 வீதத்தைத் தாண்டாமலும், அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் இட்ட கட்டுப்பாடு ஒன்றும், புற்று மருந்தான டொக்சோரூபிசின் இட்ட ஒப்பீடு ஒன்றும் இருக்குமாறும் எழுத்திலேயே கேளுங்கள். எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டாம். மீதியைச் சிறு குப்பிகளில் பிரித்து, ஒளி படாமல், மறை 20 பாகையில் வையுங்கள். மின்தடை அடிக்கடி வரும் இடமென்றால் முற்றாக உலர்த்தியபின் வைப்பது பாதுகாப்பு, ஏனெனில் மீண்டும் மீண்டும் உருகி உறைந்த சாற்றில் மறுசோதனை செய்து முதல் முடிவோடு ஒப்பிட முடியாது.